கஸ்டோ தினமும் ஏன் வருகிறான்

மார்ச்சேனா,
ஏப்ரல் 9

அன்பு மகள் அராசெலிக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் புறாக்களும் சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை. சூரிச் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நம் கிழட்டு ஆண் புறா பிஷப்புக்கு வயதாகிவிட்டது, கழுத்தை ஊதிக்கொண்டு நடக்கிற திமிர் மட்டும் குறையவில்லை. இந்த வசந்தத்தில் அவன் ஜோடி இட்ட இரண்டு முட்டைதான் கடைசி, இது தவறினால் அந்த வம்சமே போயிற்று. கழுத்துப்பை பெருத்த இந்த ஜாதி குஞ்சுக்கு ஒழுங்காக ஊட்டாது, உனக்குத் தெரியாததா, வழக்கம்போல முட்டைகளைச் சாதாப் புறா ஜோடியின் அடியில் மாற்றி வைத்தேன். அந்த வாரமே பக்கத்து வீட்டுக் கஸ்டோவுக்கு என்மேல் பாசம் பொங்கிவிட்டது. இருபது வருஷமாகத் தன் ஆண் புறாவை ஏவி என் பெட்டைகளை மயக்கிக் கொண்டுபோனவன், இப்போது தினமும் காலையில் ரொட்டியோடு வந்து நிற்கிறான். ஏனப்பா என்றால், "சும்மாதான் வந்தேன், பால்டோமெரோ அண்ணே" என்கிறான். கஸ்டோ சும்மா வந்ததாகச் சரித்திரமே இல்லை. முட்டையை மாற்றத்தான் பார்க்கிறான் என்று இரண்டு முட்டையிலும் பென்சிலால் புள்ளி வைத்தேன். புள்ளி அப்படியே இருந்தது. அவனிடமும் பென்சில் இருக்குமே என்று சந்தேகம் இன்னும் கூடியது.

போன செவ்வாய் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, மாடித் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தேன். நம் வீட்டுச் சாவி ஒன்று அம்மா காலத்திலிருந்தே அவனிடம் இருக்கிறதே. வந்தான், ஆனால் மாடி ஏறவில்லை. மெல்லப் படியிறங்கி எட்டிப் பார்த்தால், கீழே சமையலறையில் கொண்டைக்கடலைப் பானையைத் திறந்து பார்க்கிறான், என் மாத்திரை டப்பாவைக் குலுக்குகிறான், பிறகு போனை எடுத்து, "நேத்து வச்சது பாதி அப்படியே கெடக்குது, அராசெலி. பிரஷர் மாத்திரை மட்டும் போட்டிருக்காரு. நான் சொன்னேன்னு காட்டிக்காதே தாயி" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். நான் முட்டையை வைத்த மாதிரி நீ என்னை அவன் அடியில் வைத்துவிட்டாய். முட்டைக்கு அது தெரியாது, எனக்குத் தெரிந்துவிட்டது. அவனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, நீயும் சொல்லாதே, ரொட்டி நன்றாகத்தான் இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். மாதா உங்கள் இருவரையும் காப்பாளாக. ஒன்றை மறந்துவிடாதே. முட்டைகள் வரும் ஞாயிறு பொரியும். அதிலிருந்து எட்டாம் நாள் குஞ்சுகளின் காலில் அடையாள வளையம் மாட்ட வேண்டும், தள்ளிப்போனால் கால் பெருத்து ஏறாது. எனக்குக் கை நடுங்குகிறது. கஸ்டோவைத் தொட விடமாட்டேன். நீ வா.

உன் அப்பா,
பால்டோமெரோ