வராந்தா மூலையிலிருந்து இன்டர்வியூவுக்கு

11 ஜூன் 1979, திங்கள்

ஹையர் செகண்டரி முடிவு வந்தது. பயாலஜியில் நல்ல மார்க். அப்பா "பேஷ்" என்றார். அடுத்த மூச்சிலேயே, "ராஷ்பிஹாரி அவென்யூ பக்கத்துல டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் சேர்ந்துடு. பகல்ல ஏதாவது ஒரு பி.ஏ. படி" என்றார். கல்கத்தாவுக்கு வந்த தமிழர் எல்லாம் ஸ்டெனோவாகத்தான் ஆகணுமா? அப்பா ஸ்டெனோ. சித்தப்பா ஸ்டெனோ. எதிர் வீட்டு கோவிந்தராஜன் மாமாவும் ஸ்டெனோ. போதும்.

பி.எஸ்ஸி. நர்சிங்குக்கு விண்ணப்பித்துவிட்டேன் என்று சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கண்டவாளோட மலஜலத்தைத் தொட்டுட்டு வந்து என் அடுக்களைல நுழைவியா?"

"குளிச்சுட்டு நுழைவேன்."

14 ஜூன்

வீட்டில் என்னோடு யாரும் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும், படிக்க நேரம் கிடைக்கிறது.

22 ஜூன், வெள்ளி

அடுத்த வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. "போயிட்டு வரட்டும், கிடைக்கவா போறது" என்று அப்பா அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. கிடைக்கும். மத்தியானம் முழுக்க லோட்ஷெட்டிங், மின்விசிறி ஓடவில்லை. வியர்வை சொட்டச் சொட்ட ரத்த ஓட்டப் பாடத்தைத் திரும்பப் படித்தேன்.

28 ஜூன், வியாழன்

பார்த்துப் பார்த்து இன்றைக்கா வரவேண்டும்? வராந்தா மூலையில் பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. மூன்று நாள் வாசல் தாண்டக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். நாளைக்கு இன்டர்வியூ.

மறைத்திருக்கலாம். என் வகுப்பில் பலர் வீட்டில் மறைக்கிறார்கள். நான் சொல்லிவிட்டேன். ஏன் மறைக்கணும், திருடினேனா?

"பகவானே தடுக்கறார், பாத்தியா" என்றாள் அம்மா.

"ரத்தத்தைப் பார்த்து ஒதுங்கினா நர்ஸ் ஆகறது எப்படிம்மா?"

"எதிர்த்துப் பேசாதே."

அப்பா பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஒரு வார்த்தை சொன்னா என்னவாம் இவருக்கு? அழுகையா வர்றது. அழமாட்டேன். அழுதா, ஜெயிச்சுட்டதா அம்மா நெனச்சுப்பா.

29 ஜூன், வெள்ளி

போனேன். வராந்தாவிலிருந்து நேராகப் படியிறங்கி, டாலிகஞ்ச் டிப்போவில் டிராம் ஏறினேன். அம்மா பூஜை அறையை விட்டு வெளியே வரவில்லை.

இன்டர்வியூவில் ஒரு வயதான அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மதராஸி வீட்டுப் பெண், பெட்பேன் எடுப்பாயா என்று பெங்காலியில் கேட்டார். "எடுப்பேன். வீட்டில் இன்றைக்கு என்னையே யாரும் தொடுவதில்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நோயாளியை அப்படி விடமாட்டேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஏதோ குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அதே மூலையில் உட்கார்ந்தேன். தட்டில் சோறு ஆறிப்போயிருந்தது. நன்றாகப் பசித்ததால் முழுவதும் சாப்பிட்டேன்.

17 ஜூலை, செவ்வாய்

இடம் கிடைத்துவிட்டது! ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். அப்பா ஒரு தகரப் பெட்டி வாங்கி வந்து கட்டிலடியில் வைத்தார். அம்மா இட்லி மிளகாய்ப்பொடி இடித்தாள். "அங்கெல்லாம் ஒரே மீன் நாத்தமாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். நான் பொடியை டப்பாவில் அடைத்தேன்.

5 நவம்பர், திங்கள்

காலையில் ஹாஸ்டல் வாசலில் அம்மா. தனியாக டிராம் ஏறி வந்திருக்கிறாள். அப்பாவுக்குத் தெரியாதாம். என் யூனிஃபார்மைப் பார்த்தாள், சுற்றுமுற்றும் பார்த்தாள், பிறகு குரலே எழாமல் சொன்னாள்.

"ரெண்டு மாசமா தீட்டு நிக்கவே இல்லைடி, ஜெயா. அப்பாட்ட எப்படிச் சொல்றது? ஆம்பளை டாக்டர்ட்ட நான் போகமாட்டேன்."

இரண்டு மாதமாக. அப்படியானால் சமையல் யார் செய்தது? நவராத்திரிக்குக் கொலு வைத்தது யார்? கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், சோகை பிடித்து வெளுத்துக் கிடந்தது. பாவி, இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல்—

"வா, அவுட்டோர்ல, வெளிநோயாளி பாக்கற இடத்துல, லேடி டாக்டர் இருக்கா" என்று கையைப் பிடித்தேன்.

"தொடாதேடி, நான் இப்போ—"

நான் விடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நடந்தேன்.