நாளைக்குக் காய்ச்சல்

வெள்ளிக்கிழமை, இரவு

நாளைக்குக் கிரிக்கெட் பயிற்சி எத்தனை மணிக்கு என்று பார்க்க என் மகன் சரவணனின் போனை எடுத்தேன். கோச் அனுப்பியிருந்தார்: "நாளைக்கு நீ மட்டும் வா. வீட்ல சொல்லாத." நீல டிக்கைப் பார்த்திருப்பார், என் கண்ணெதிரே அந்த மெசேஜை அழித்தார். படித்தது நான் என்று தெரிந்திருக்குமோ?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஜில்லா டீம்ல சேத்துவிடுறேன்னு சொல்லியிருக்காக. அவுகளப் போயி சந்தேகப்படுற? வாய மூடு" என்றார்.

சரவணன் கதவோரம் நின்று கேட்டிருக்கிறான். மழையிலும் கிரவுண்டுக்கு ஓடுகிற பிள்ளை. லைட்டை அணைக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, நாளைக்கு எனக்குக் காய்ச்சல்னு சொல்லிருவமா?"

நெற்றியைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

"சொல்லிருவோம்யா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு என்ன சொல்வேன்?