மேல்வயலுக்கு ஊர் வைத்த பெயர்

மே 6
ஓஹையோவிலிருந்து இன்னொரு அமெரிக்கக்காரி, கேரல் ஹெஸ்லின். வேர் தேடி அயர்லாந்துக்கு, எங்கள் லீட்ரிமுக்கு வருகிறவர்கள் எல்லாரும் என் கதவைத்தான் தட்டுகிறார்கள். ஊர் வரலாற்றுச் சங்கத் தலைவர் நான்தானே! எங்கள் முல்வி குடும்பம் ஆதியிலிருந்து இந்த மண்ணை விட்டு அசையாத குடும்பமாயிற்றே!

"எங்க கொள்ளுத்தாத்தா ஹெஸ்லின் தோட்டம்னு சொல்வாராம். அது எங்க இருக்கு, மிஸ்டர் முல்வி?"

எந்த வரைபடத்திலும் இல்லை. கிழவர் கனவு கண்டிருப்பார்.

மே 7
பக்கத்துப் பண்ணை ஃபெலிமைக் கேட்டேன். "தெரியாதே" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேசினான். மதுக்கடையில் கேட்டேன். அங்கேயும் மழை.

மே 8
ஃபெலிமுக்குத் திடீரென்று ஞாபகம் வந்துவிட்டதாம். கேரலைத் தன் சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப்போய், "இதுதாம்மா" என்றிருக்கிறான். அவள் மண்டியிட்டு அழுது, ஒரு பை மண்ணும் அள்ளிக்கொண்டாள். அங்கே தவளையைத் தவிர யாரும் குடியிருந்ததில்லை. விழுந்து விழுந்து சிரித்தேன்.

மே 9
"ஏன்டா அந்தப் பொம்பளைகிட்டப் புளுகினே?"

ஃபெலிம் தலையைச் சொறிந்தான். "உன் மானத்தைக் காப்பாத்தத்தான்யா. ஹெஸ்லின் தோட்டம்னா உன்னோட மேல்வயல். அந்தக் காலத்துல, குத்தகை கட்டலைன்னு நிலத்துக்குச் சொந்தக்காரத் துரை அவங்களைக் குழந்தைகுட்டியோட வெளிய தள்ளினான். அடுத்த வாரமே உங்க முல்வி குடும்பத்து ஆளு அதைக் குத்தகைக்கு எடுத்துக்கிட்டான். துரத்தப்பட்டவங்க பேரைத்தான் ஊர்ல வயலுக்குச் சொல்லுவோம். உங்க வீட்டு ஆளுங்க எதிர்ல மட்டும் சொல்றதில்ல."

அப்பாவின் எதிரிலும் இப்படித்தானா? என் கல்யாணத்தில் வந்து தின்றவனெல்லாம்— ச்சே!

மே 10
நாளை மாலை அவளுக்கு விமானம். பேசாமல் இருந்துவிடலாம். சதுப்பு மண்ணோடு சந்தோஷமாகப் போய்ச்சேருவாள். ஊரே எனக்காகப் பொய் சொல்கிறது, நான் ஒருத்தன் உண்மை பேசி என்ன கிழிக்கப் போகிறேன்?

மே 11
கிழித்துவிட்டேன். காலையில் கேரலை மேல்வயலுக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, மண் அள்ளவில்லை. வேலியோரமாக ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தாள். "நல்லா வச்சிருக்கீங்க" என்றாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. வெட்கமாக இருக்கிறது.

மே 13
சங்கத்திலும் மேல்வயல் கதையைச் சொன்னேன். யாரும் மழையைப் பற்றிப் பேசவில்லை.

மே 20
தேவாலய வாசலில் ஊரே நிற்கிறது. ஃபெலிம் அத்தனை பேர் காதுபடக் கத்தினான்: "யோவ் ஃபின்டன்! உன் மாடு ஹெஸ்லின் தோட்டத்துல புகுந்து மேயுதுய்யா!"

என் மாடு, என் வயல். தடியை எடுத்துக்கொண்டு விரட்ட ஓடினேன். பாதி வழியில்தான் உறைத்தது: அந்தப் பெயரை என் எதிரிலேயே சொல்லிவிட்டான்.