மாமா நாக்கு துறைமுகம்

மச்சான்,

ஒரு கடிதத்தை நாக்கு வழிக்கிற சமாசாரத்தில் ஆரம்பிப்பது அசிங்கம்தான். ஆனால் உனக்கு எழுதும்போது வேறு எதில் ஆரம்பிப்பது?

இன்று சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். ஸ்டீல் நாக்கு வழிப்பானை வளைத்துப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். கறுப்பு. தாரை வழித்தது மாதிரி கெட்டியாக வந்தது. இரண்டாவது இழுப்புக்குச் சாம்பல் நிறம். மூன்றாவது இழுப்புக்குக் குடல் மேலே ஏறி, தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. அதை எதோடு ஒப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. எருமை ஒன்று கிணற்றுக்குள் விழுந்து அங்கிருந்து கூப்பிட்டால் ஒருவேளை அப்படி இருக்கலாம். பதினைந்து வருஷமாக அந்தச் சத்தம் போடுகிறவன் நான்தான், எனக்கே குமட்டுகிறது.

"இன்னா மாமா, இன்னிக்கு கரியா?" என்று முதுகுக்குப் பின்னால் நீ கேட்கிற நேரம் அது. நீ போய் ஐந்து வருஷம் ஆகிறது. அந்த இடம் வந்ததும் என் காது இன்னும் ஒரு நொடி நின்று பார்க்கிறது.

அந்த மூன்றாவது இழுப்புக்கு அப்புறம் நடந்ததை நான் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் வேலை உனக்குத் தெரியும். கப்பலின் சரக்கறை மேலே திறந்து கிடக்கும். அதன் விளிம்பில் நின்று கிரேன்காரனுக்குக் கை காட்டுகிறவன் நான். கை காட்டினால் மட்டும் அவனுக்குப் புரியாது, கத்தவும் வேண்டும். பத்தாவதை இரண்டு தடவை எழுதி ஒரு வழியாகப் பாஸ் செய்தவனுக்குத் துறைமுகம் கொடுத்த உத்தியோகம், எட்டு மணி நேரம் வாயைத் திறந்து வைத்திருப்பது. கீழேயிருந்து கிளம்புகிற தூள் எல்லாம் அந்த வாயில்தான் இறங்கும். நிலக்கரி இறங்கினால் நாக்கு கறுப்பு, இரும்புத் தாது ஏறினால் சிவப்பு, கந்தகம் வந்தால் மஞ்சள். மற்றவர்கள் காலையில் ஒரு தடவை நாக்கு வழிப்பார்கள். நான் சாயங்காலமும் வழிப்பேன். யாராவது கேட்டால் "டாக்டர் சொன்னாரு" என்பேன். எந்த டாக்டரும் சொல்லவில்லை.

நீ பாடகன். என் பெண்டாட்டியின் தம்பி. இந்த இரண்டில் எதைச் சொல்லி நான் பெருமை அடித்துக்கொண்டேன் என்று உனக்கே தெரியும். உன்னுடைய முதல் இரண்டு கேசட்டும் காதல் தோல்வி. அட்டையில் நீ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எண்ணூர்க் கடலைப் பார்த்து நிற்பாய், கழுத்தில் ஒரு துண்டு பறக்கும். நம் காலடிப்பேட்டைப் பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்கினார்கள், அழுகைக்குக் காரணம் தேட வேண்டாம் என்று. கிரேன்காரனிடம் நான் சொல்வேன்: "எங்க மச்சான் டீசென்டா பாடுவான்பா. சோகம்தான். கலீஜு கிலீஜுலாம் அவன்கிட்ட கெடயாது."

ஒருநாள் டீ குடித்துக்கொண்டே நீ சொன்னாய்: "மாமா, ரெண்டு கேசட்டுல அழுதுட்டேன். ஆனா நான் இன்னும் லவ்வே பண்ல."

"அதுனால இன்னா? நல்லாதான அழுவுற?"

"அழறது ஈஸி மாமா. கண்ண மூடிகினா போதும். சிரிக்க வெக்கணும்னா கண்ண தொறந்து பாத்துகினே இருக்கணும்."

அப்போது நீ பார்த்துக்கொண்டிருந்தது என்னைத்தான் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது கேசட்டுக்கு நீ பாட்டுச் சேர்க்க ஆரம்பித்தாய். கொசுவுக்கு ரேஷன் கார்டு கேட்டு ஒரு பாட்டு. தண்ணி லாரிக்கு வரிசையில் நிற்கிற குடங்கள் ஒன்றையொன்று திட்டிக்கொள்கிற மாதிரி ஒரு பாட்டு. ஷேர் ஆட்டோவில் பதினோராவது ஆளாகத் தொங்குகிறவனுக்கு ஒரு தாலாட்டு. எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. சாக்கடையையும் கொசுவையும் காசு கொடுத்தா வாங்கிக் கேட்பார்கள்? அதுதான் வாசலிலேயே சும்மா கிடைக்கிறதே என்று உன் அக்காவிடம் சொன்னேன். "உனக்கு இன்னா தெரியும்?" என்று அவள் ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. காத்திவாக்கத்திலிருந்து சைக்கிளில் வந்தாய். சட்டைப் பையில் ஒரு கேசட். எட்டாவது பாட்டு, கேசட் கம்பெனியில் கொடுப்பதற்கு முன்னால் மாமா கேட்க வேண்டும் என்றாய். பெரிய மனுஷனாட்டம் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உன் அக்கா, எங்கள் எட்டு வயசுப் பாப்பா, பக்கத்து வீட்டு ஆட்டோக்கார மஸ்தான் பாய் எல்லோரும் வந்து நின்றார்கள். டேப் ஓடியது. முதலில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அப்புறம் 'கர்ர்ர்ர்க்.' இன்னொரு 'கர்ர்ர்ர்க்.' அப்புறம் அந்தக் கிணற்று எருமை. அதன் மேலேயே பொத்தென்று டிரம்ஸ் விழுந்தது, நீ பாட ஆரம்பித்தாய்:

கறுப்பு வந்தா கரிக் கப்பல்
செவப்பு வந்தா தாது கப்பல்
மஞ்ச வந்தா கந்தகம்டா
மாமா நாக்கு துறைமுகம்டா!

மஸ்தான் பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாப்பா குதித்தாள். உன் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. நான் எழுந்து டேப்பை நிறுத்தினேன்.

"இன்னாடா இது?"

"நீதான் மாமா."

"நானா?"

"உன் நாக்கு."

"எப்படா புடிச்ச இத்த?"

"தொட்டியாண்ட ஒரு பக்கெட் கவுத்து வெச்சிருந்துச்சே, நாலு நாளா, பாக்கல? அதுக்குள்ளதான் டேப் ஓடிகினு இருந்துச்சு."

நாலு நாள்! நாலு நாள் நான் துப்பியதை ஒருத்தன் பக்கெட்டுக்குள் பிடித்து வைத்திருக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. யாரோ என் எச்சிலை எடுத்து என் முகத்திலேயே பூசியது மாதிரி இருந்தது.

"ஏன்டா, ஊர்ல வேற சத்தமே இல்லியா? கடல் இல்ல? கப்பல் சங்கு இல்ல?"

"அதெல்லாம் எல்லாரும் போட்டுட்டாங்க மாமா. இந்தச் சத்தம் உங்கிட்ட மட்டும்தான் கீது."

"நைனா, இது ஓடும்," என்றார் மஸ்தான் பாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கேக்கசொல்லோ எனக்கே வாந்தி வந்துச்சு. அப்படியே தத்ரூபம்!"

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாளைக்கு ராயபுரத்தில் டீக்கடை டீக்கடையாக என் குமட்டல் ஓடும். கிரேன்காரன் மேலேயிருந்து பாடுவான். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் 'துறைமுகம் மவ' என்பார்கள். "ச்சீ" என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன். கலைஞன் என்று பேர் வைத்துக்கொண்டு கழிசடை பொறுக்குகிறாய் என்று சொன்னேன். அதை நீ மறந்திருப்பாய் என்று நம்ப ஆசை.

நீ சிரிப்பை நிறுத்திவிட்டாய். "மாமா, ரெண்டாவது சரணம் கீது. அத்த கேளு. கேட்டுட்டு வேணாம்னு சொல்லு, எடுத்துடறேன். உன் சத்தம் அது. உன்ன கேக்காம போட மாட்டேன்."

"வேணாம்."

"கேட்டுட்டுச் சொல்லு மாமா."

"கேக்கத் தேவயில்ல. வேணாம்."

நீ தலையை ஆட்டினாய். கேசட்டை எடுக்காமலே போனாய். மூலையில் இருந்த பீரோவுக்கு ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது, கேசட்டை அதன் காலடியில் சொருகினேன். கோபத்திலும் எனக்கு வீட்டு வேலை மறக்காது. பீரோ அதற்கப்புறம் ஆடவே இல்லை.

சொன்ன வாக்கு தவறவில்லை நீ. அட்டையில் எட்டுப் பாட்டு என்று அச்சாகிவிட்டதால், அந்த இடத்தில் பழைய சோகப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டாய். கேசட் கடைக்காரர் என்னிடமே சொன்னார், நான் உன் மாமா என்று தெரியாமல்: "எல்லாம் சூப்பர் சார். கடைசில மட்டும் ஒரு பாட்டு, கல்யாண வூட்டுல எவனோ செத்தாப்புல கீது." நான் கேட்கவில்லை என்கிற மாதிரி தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்தது மளிகைக் கடை.

மற்ற ஏழு பாட்டையும் அப்புறம் கேட்டேன், யாரும் இல்லாத நேரத்தில். கேட்டதை உன்னிடம் சொல்லவில்லை. முதல் இரண்டு கேசட்டிலும் நீ யாரோ மாதிரி பாடியிருந்தாய், சினிமாவில் அழுகிற யாரோ மாதிரி. மூன்றாவதில் எங்கள் வீட்டில் வந்து டீ கேட்கிற குரலிலேயே பாடியிருந்தாய். பாட்டு அவ்வளவு பக்கத்தில் வரக் கூடாது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. வளர்ச்சி என்பது கிட்டே வருவதுதான் என்று சொல்லித் தர யாரும் இல்லை. சொல்லியிருந்தாலும் நான் அதிலும் ஃபெயில் ஆகியிருப்பேன்.

அப்புறம் உனக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரி வார்டில் வாந்தி வாளிக்குப் பக்கத்தில் படுத்திருந்தாய். பினாயில், பழைய சோறு, மூத்திரம் எல்லாம் சேர்ந்த ஒரு வாடை. கண் இரண்டும் மஞ்சளாக இருந்தது. என்னைப் பார்த்ததும் நாக்கை நீட்டிக் காட்டினாய்.

"மாமா, பாரு. கந்தகக் கப்பல் வந்துடுச்சு."

உன் அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய், பல்லவி முடிந்து கைதட்டலுக்கு நிற்கிற மாதிரி. நான் சிரிக்கவில்லை, மச்சான். வாடை தாங்கவில்லை என்று மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாலு நாளில் நீ போய்விட்டாய். இந்தக் கடிதத்தில் எத்தனை அருவருப்பை எழுதினாலும், அந்தக் கைக்குட்டைக்குப் பக்கத்தில் ஒன்றும் வராது.

போன வாரம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பீரோவை நகர்த்தினோம். அடியில் உன் கேசட். டப்பா உடைந்திருந்தது, டேப் நன்றாக இருந்தது. வீட்டில் இப்போது கேசட் ஓட்ட ஒன்றும் கிடையாது. மஸ்தான் பாயின் ஆட்டோவில் இன்னும் பழைய செட்டு இருக்கிறது. வாசலில் நின்ற ஆட்டோவுக்குள் நான் சவாரிக்காரன் மாதிரி பின்னால் உட்கார்ந்தேன். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு இப்போது பதினைந்து.

தண்ணீர். கர்ர்க். கர்ர்க். எருமை. டிரம்ஸ். மஸ்தான் பாய் இந்தத் தடவை சிரிக்கவில்லை. நான் அன்றைக்கு நிறுத்திய இடம் வந்தது, தாண்டிப் போனது. டிரம்ஸ் மெதுவாகி, ஒரு தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஆனது. நீ பாடினாய்:

அத்தினி கப்பலும் துப்பிட்டு
அலம்பிகினு வராரு
பாப்பா கன்னத்துல கறை படாம
முத்தம் வெக்க வராரு.

தகரமும் நின்றது. ஒரு குழந்தைச் சிரிப்பு. "அப்பா, மீச குத்துது!" அவ்வளவுதான், டேப் வெறுமனே ஓடியது.

நான் யாருக்கும் சொன்னதில்லை, மச்சான். அப்போது பாப்பா மூன்று மாசக் குழந்தை. தாதுக் கப்பல் முடிந்து ஓடி வந்தவன், வாய் கூடக் கொப்பளிக்காமல் அவள் கன்னத்தில் முத்தம் வைத்தேன். எடுத்தால் கன்னத்தில் சிவப்பு. ரத்தம் என்று உன் அக்கா அலறினாள். நான் தொட்டிக்கு ஓடினேன், நாக்கில் நிஜ ரத்தம் வருகிற வரை வழித்தேன். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தச் சாயங்கால வழக்கம். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நீ அன்றைக்கு வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தாய். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்து வைத்திருந்தாய், அவ்வளவுதான்.

ஆட்டோவில் பாப்பா தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் "மாமா இத்த ஏம்பா கேசட்ல போடல?" என்று கேட்டாள். நான் முன்னால் குனிந்து டேப்பை நிறுத்தினேன். மஸ்தான் பாய்தான், "இடம் பத்தல கண்ணு" என்றார்.

அவள் நம்பவில்லை. அன்று சாயங்காலமே அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நியாயம்தான்.

இனி இன்றைய கதை. மூன்றாவது இழுப்பு, கிணற்று எருமை. நான் துப்பிவிட்டு மூச்சு வாங்கினேன். அப்போது வீட்டுக்குள்ளேயிருந்து, உன் பாட்டில் டிரம்ஸ் விழுகிற அதே இடத்தில், பொத்தென்று ஒரு சத்தம். குண்டான் மூடியைக் கவிழ்த்துப் போட்டு யாரோ தட்டுகிறார்கள்.

"அப்பா, கடைசி இழுப்பு லேட்டு! எருமைக்கு அப்புறம் ஒரு தட்டுதான். மறுபடியும் வழி!"

"ச்சீ, போடி," என்றேன். வாயில் இன்னும் கரி இருந்தது. எனக்குக் குமட்டியது. மறுபடியும் வழித்தேன்.

சரி மச்சான். கேட்டுட்டேன். போட்டுக்கோ.

உன் மாமா