செவந்தி அக்கா சம்பளத்தில் நம் பங்கு

கறம்பக்குடி,
ஆவணி முதல் ஞாயிறு.

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

நானும் கயலும் நலம். குவைத் வெயிலில் நீயும் வாடாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். தினமும்தான் வீடியோவில் பார்த்துக்கொள்கிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் முகம் வந்ததும் உன் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். நான் பார்ப்பது அவளுடைய குதிகாலைத்தான். உன்னோடு வேலை பார்க்கிற அன்புச்செல்வி லீவு முடிந்து திரும்புகிறாள். அவளிடம் பருப்புப் பொடியும் முறுக்கும் கொடுத்தனுப்புகிறேன், கூடவே இதையும். முறுக்கு கடையில் வாங்கியது. நான் சுட்டதென்று அங்கே யாரிடமும் பெருமை அடித்துவிடாதே.

ரெண்டு வருஷம் முடிந்ததும் ஆஸ்பத்திரியில் இன்னொரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள் என்றாய். கயலைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன், இல்லாவிட்டால் பாதியிலேயே கிளம்பி வந்துவிடுவேன் என்றும் சொன்னாய். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அது பொய். செவந்தி அக்கா நம்மை விட்டுப் போவதாக இருந்தது. அதற்குக் காரணம் நான்தான்.

நீ வைத்துவிட்டுப் போன முறை உனக்கு நினைவிருக்கும். அடுத்த தெரு சரண்யாவின் இரட்டைப் பையன்களையும் நம் கயலையும் நம் வீட்டில் வைத்து அக்கா பார்த்துக்கொள்வார். அக்காவின் சம்பளத்தில் ஒரு மாதம் நாம் அதிகம் கொடுப்போம், அடுத்த மாதம் அவர்கள். பால் ஒரு வீடு, கேஸ் ஒரு வீடு. யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அது பொறுக்கவில்லை. செல்போன் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு ஒரு திருகு மிச்சம் விழுந்தாலும் சோறு இறங்காது.

ஆகவே உட்கார்ந்து நியாயமாகப் பிரித்தேன். பிள்ளைக்கு ஒரு பங்கு, இருக்கும் நேரத்துக்கு ஒரு பங்கு. பையன்கள் சாப்பிட்டதும் தூங்கிவிடுகிறார்கள், கயல் கண்ணை மூடுவதே இல்லை, அதனால் அவளுக்குக் கொஞ்சம் கூட. நஷ்டம் நமக்குத்தான், என் நேர்மையை நீ மெச்சிக்கொள்ள வேண்டும். கடைசியில் நாம் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது என்று ஒரு தொகை வந்தது. அதைச் சில்லறை பிசகாமல் சரண்யாவின் புருஷன் ரகுநாத்துக்குப் போனில் அனுப்பி, 'கணக்கு நேராகிவிட்டது' என்று செய்தியும் போட்டேன்.

மறுநாள் பையன்கள் வரவில்லை. மாமியார் வந்திருக்கிறார், அவரே பார்த்துக்கொள்வார் என்று தகவல் வந்தது. சரண்யா பாடம் எடுக்கப் பள்ளிக்கூடம் போகும்போது நம் கடை வாசலில் ஸ்கூட்டியை மெதுவாக்கி, "அண்ணே, சாப்டீங்களா" என்று கேட்டுவிட்டுப் போகிறவள். இப்போது முகத்தைத் திருப்பாமல் போனாள். அந்த வாரக் கடைசியில் செவந்தி அக்கா, "ஒரு வீட்டுச் சம்பளத்துல நான் எப்படித் தம்பி ஓட்டுறது? ஜவுளிக்கடையில கூப்புடுறாங்க. ஒண்ணாந்தேதி வரைக்கும் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது கயல் அவர் இடுப்பில்தான் உட்கார்ந்திருந்தாள்.

உனக்குப் போன் போட எடுத்தேன். அக்கா போகிறார், நீ கிளம்பி வா என்று ஒரு வார்த்தை போதும், அடுத்த விமானத்தில் வந்து நிற்பாய். உன் பெயரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு போனைக் கீழே வைத்தேன். அப்படி வரவழைப்பது முறையில்லை என்று தோன்றியது.

நல்லவேளையாக ரகுநாத்தின் போனில் சார்ஜ் நிற்காமல் போனது. வேறு கடை திறந்திருக்கவில்லை போலிருக்கிறது, நம்மிடமே வந்தான். நான் போனைப் பிரித்து வேலை பார்த்தேன். பிறகு, "நாங்க என்னண்ணே தப்புப் பண்ணுனோம்? இப்புடி முறிச்சுக்கிட்டீங்களே" என்றான். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நேராகத்தானே கொடுத்தேன் என்றேன். "அதுதாண்ணே. எங்க பக்கம் மொய் வாங்குனா, திருப்பிச் செய்யும்போது பழசோட புதுசா ஒண்ணு சேத்துத்தான் வைப்போம். வாங்குனத மட்டும் அப்புடியே குடுத்தா, இனிமே ஒனக்கும் எனக்கும் ஒண்ணுமில்லன்னு அர்த்தம். மேல நூறு ரூபா வச்சிருந்தீங்கன்னா பயலுக அன்னைக்கே வந்துருப்பானுக" என்றான். என் செய்தியைப் பார்த்து சரண்யா அழுதாளாம்.

ஆடியில் ஊரைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போட்டு மொய் வாங்கினார்களே, அந்த மொய்விருந்துக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டு வந்தவன் நான். கறியைக் கவனித்த அளவுக்கு வேறெதையும் கவனிக்கவில்லை. பொன்னமராவதியில் எங்கள் வீட்டில் இதையெல்லாம் யாரும் இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்ததில்லை. நீ பக்கத்தில் இருந்திருந்தால் நான் பணம் அனுப்பும் முன்பே கையில் ஒரு தட்டு தட்டியிருப்பாய்.

அன்று மாலையே அக்காவிடம் மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்துவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு சரண்யா வீட்டுக்குப் போனேன். இந்த மாதம் மொத்தமும் நான் கொடுத்தாயிற்று, நீங்கள் எனக்குப் பாக்கி என்று வாசலிலேயே சொன்னேன். சரண்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அடுத்த மாசம் மொத்தமும் நாங்கதான். கேஸும் எங்களுது. அப்ப நீங்க பாக்கி" என்றாள். மறுநாள் காலையில் செவந்தி அக்கா வருவதற்கு முன்பே பையன்கள் நம் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா மட்டும் லேசில் விடவில்லை. என்னையும் சரண்யாவையும் நிற்கவைத்து, "ஒங்களுக்குள்ள யாரு யாருக்கு வேணாலும் பாக்கி வச்சுக்கங்க. எனக்கு வைக்காதீங்க. யாரு வந்தாலும் வராட்டியும் ஒண்ணாந்தேதி முழுச் சம்பளம் வேணும்" என்றார். இருவரும் ஒரே குரலில் சரி என்றோம். நான் முதலில் யோசித்திருக்க வேண்டியது அவருடைய பங்கைத்தான். சம்பளத்தையும் கொஞ்சம் கூட்டியிருக்கிறோம்.

ஆக, ஏற்பாடு இப்போது நிஜமாகவே சரியாக இருக்கிறது. நீ கையெழுத்துப் போடுவதானால் இங்கே தடை ஒன்றும் இல்லை. இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், எழுதிவிட்டேன்.

ஆனால் ஈஸ்வரி, கயல் பிறந்தபோது நான் சிங்கப்பூரில் இருந்தேன். ரெண்டு வருஷம் நீ ஒருத்தியே பார்த்துக்கொண்டாய். "ரெண்டு வருஷம் நீங்க, ரெண்டு வருஷம் நான், சரியாப் போச்சு" என்று சிரித்துக்கொண்டே திருச்சி ஏர்போர்ட்டுக்குள் போனாய். நீயும் இந்த ஊர்க்காரிதானே, வாங்கியதற்கு மேல் ஒன்று வைத்துத்தான் திருப்புவாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஊர் முழுக்க யாருக்கு வேண்டுமானாலும் கூட வைத்துக் கொடு. என்னிடம் மட்டும் நேராகத் தீர்த்துவிடு. ரெண்டு வருஷம் போதும். அதற்கு மேல் ஒரு நாள்கூட வைக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு.

கட்டிலுக்கு அடியிலிருந்து கயலின் முத்தங்களோடு,
உன் எழிலரசன்