முந்தி ஓடும் கடிகாரம்

என்னங்க,

பின்னறையில் உங்கள் கைலியைப் போர்த்தி வைத்திருந்த ஆளுயரக் கடிகாரத்தை இன்று மத்தியானம் திறந்தேன். எண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் சட்டையில் இருக்கும் அதே வாடை.

உங்களைக் கிடத்த ஹாலில் இடம் வேண்டும் என்று அன்றைக்கு அவசரமாகக் கழற்றியது. திரும்ப நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. இப்போது நிறுத்தியே ஆக வேண்டும். நம் மாலினியும் உங்களைப் போலவே விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள். போன வாரம் முழங்கை தோல் உரிந்து வந்து நின்றாள். நேரமாகிவிட்டதாம், இரண்டு லோரிகளுக்கு நடுவே புகுந்தாளாம்.

நீங்கள் ஒரு நாளும் அப்படி ஓட்டியதில்லை. வாராவாரம் கடிகாரத்தின் எடைக்கட்டிகளை மேலே ஏற்றிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வீர்கள். "முள்ளை முன்னால தள்ளும்மா. எவ்வளவுன்னு மட்டும் சொல்லாத. தெரிஞ்சா கழிச்சுப் பார்த்துட்டு உக்காந்துருவேன்" என்பீர்கள். மற்றவர்கள் வண்டியை முறுக்கிக்கொண்டு பறக்கையில் நீங்கள் மெதுவாகப் போய் முழுசாகத் திரும்புவீர்கள். கடைசியில் உங்களைக் கொண்டுபோன நெஞ்சுவலி வீட்டுக்குள்ளேயேதான் வந்தது.

மாலினி கடிகாரப் பெட்டியைப் பிடித்துக்கொள்ள, நான் ஊசலை மாட்டி, எடைக்கட்டிகளைத் தொங்கவிட்டு அசைத்துவிட்டேன். டிக் என்றது, வெகுநேரம் கழித்து டக் என்றது, நொண்டி நொண்டி நடந்து நின்றுவிட்டது. மறுபடி அசைத்தேன். மறுபடி நின்றது.

"அலமாக்!" என்று சலித்துக்கொண்டாள். "போன்லதான் மணி இருக்குலா ம்மா. இத வச்சிக்கிட்டு எதுக்கு மல்லுக்கட்டுற?"

"போன் உன் பையில கெடக்கும். இது வாசல்ல உன் மூஞ்சிக்கு நேரா நிக்கும். பேசாம பிடி."

புது டைல்ஸ் தரை வாசல் பக்கமாகச் சரிகிறது. நீங்கள் அடியில் முட்டுக் கொடுத்திருந்த பலகைத் துண்டு எங்கே போனதோ. உங்கள் ரப்பர் சிலிப்பரை எடுத்துவந்து குதிகால் பக்கம் கத்தியை வைத்தேன்.

"ம்மா, அது அப்பாவோடது."

"தெரியும். வெட்டாம வச்சு என்ன பண்ண? இன்னொருத்தர இந்த ஹால்ல கிடத்த என்னால முடியாதுடி."

அவள் தோளைக் கொடுத்துப் பெட்டியைச் சாய்த்தாள். ரப்பர் துண்டை வாசல் பக்கக் காலுக்கு அடியில் சொருகினேன். ஊசலை அசைத்துவிட்டு இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். டிக், டக். டிக், டக். இந்த முறை சம இடைவெளியில் ஓடியது. நிற்குமோ நிற்குமோ என்று பார்த்தோம். நிற்கவில்லை.

போனைப் பார்த்துச் சரியான மணியை வைத்தேன். பின்னால் திரும்பினால், மாலினி சுவரைப் பார்த்து நிற்கிறாள். சின்ன வயதில் நீங்கள் இப்படி நிற்பதைப் பார்த்துச் சிரித்தவள்.

"தள்ளும்மா. எவ்வளவுன்னு சொல்லாத."

தள்ளிவிட்டேன். இத்தனை வருஷமும் எத்தனை நிமிடம் என்ற அந்தக் கணக்கு எனக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்கு இனி எங்கேயும் அவசரமில்லை, இப்போதாவது சொல்லிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். ஆனால் இந்தக் காகிதம் அவள் கண்ணில் பட்டுவிடுமே.