ஞாயிறு மாலைக்குள் வந்துவிடலாம்

சுச்சாவா,
செவ்வாய் இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் நீ அங்கே வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்ளும் எல்வீரா அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் பொட்டலத்தில் ப்ளம் ஜாம் பாட்டிலோடு வரும், அதில் எல்லாரும் சௌக்கியம் என்று இருக்கும், அதை நம்பாதே. இது நானே எழுதுவது. அப்பா அடுத்த அறையில் புரண்டு படுக்கும்போதெல்லாம் பேனாவை வைத்துவிடுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

அப்பாவுக்கு வயிற்றில் கட்டி. வரும் திங்கள் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். சின்னக் கட்டிதான், சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டோம், பத்து நாளில் நடந்தே வீட்டுக்குப் போவார் என்று டாக்டரம்மா என்னிடமே சொன்னார். நான் நம்புகிறேன். ஆனால் அப்பா, "உங்கம்மாகிட்ட மூச்சு விடக்கூடாது, முப்பது மணி நேரம் வண்டியில அழுதுக்கிட்டே வருவா, எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்" என்று மாதா படத்தின் மேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நீ பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தபோதும் என்னை ஒட்டியே நின்றார். நேற்று பள்ளியிலிருந்து வந்தால் தன் கல்யாணத்துக்குப் போட்ட கோட்-சூட்டைப் பால்கனியில் காற்றாடப் போட்டிருக்கிறார். கேட்டதற்கு, "அந்துப்பூச்சிடீ, வேறென்ன" என்றார். நம் ஊர் ஆண்களுக்கு அந்தக் கோட்-சூட்டை மறுபடி சவப்பெட்டியில் வைக்கும்போதுதான் போட்டுவிடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? சத்தியத்தை மீறப் பயமாக இருக்கிறது, மீறாமல் இருக்க அதைவிடப் பயமாக இருக்கிறது.

அதனால் கணக்குப் போட்டேன். இங்கிருந்து நீ இருக்கும் பொலோன்யாவுக்கு ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர். அங்கும் இங்குமாக ஆளும் பொட்டலமும் ஏற்றிப் போகும் சாண்டு மாமாவின் வேன் நாளைக் காலை ஆறுக்குக் கிளம்பினால் இந்தக் கடிதம் வியாழன் மதியம் உன் கையில். சனி காலை ஆறுக்கு அதே வேன் அங்கிருந்து திரும்புகிறது, முப்பது மணி நேரம், ஞாயிறு பகல் பன்னிரண்டு என்று எழுதிக் காட்டினேன். மாமா சிரித்தார். "கணக்குல பத்துக்குப் பத்துன்னு உங்கப்பன் பீத்திக்கிறான், இதானா? வரும்போது எல்லையில கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளணும்டீ. ஒரு மணின்னு போடு. வரிசையில ஆறு மணி நேரம் நின்னாலும் ஏழுக்குள்ள கொண்டாந்து விட்டுருவேன். உங்கப்பனுக்குத் தெரிஞ்சா என் வண்டிக் கண்ணாடி மிஞ்சாது, அதை மட்டும் உங்கம்மாகிட்ட சொல்லிரு" என்றார். முன் சீட்டை உனக்கு வைத்திருக்கிறாராம். ஏழு மணிக்குத்தான் வந்தாலும் ஆபரேஷனுக்கு முன்னால் பதின்மூன்று மணி நேரம் இருக்கிறது அம்மா. நீ குளித்துச் சாப்பிட்டுத் தூங்கவும் நேரம் இருக்கிறது.

எல்வீரா அம்மாவின் மகளிடம் வியாழனே பேசிவிடு, பத்து நாள் அவரையே பார்த்துக்கொள்ளச் சொல். பாஸ்போர்ட்டையும் அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையையும் மறந்துவிடாதே, அட்டை இல்லாவிட்டால் திரும்பிப் போக விடமாட்டார்கள். வேனில் அழுதால் அழுதுகொள், வீட்டுக்குள் வரும்போது முகம் கழுவிக்கொண்டு வா. அப்பா கத்துவார், கொஞ்ச நேரம்தான். கடவுள் வழியெல்லாம் உனக்குத் துணையிருக்கட்டும்.

ஆஸ்பத்திரிப் படிவத்தில், நோயாளியோடு தங்குபவர் என்ற இடத்தை அப்பா காலியாக விட்டிருந்தார். இன்று பள்ளி விட்டதும் போய் உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன் மகள்,
ருக்ஸாண்ட்ரா